தோட்டத்துக் கொட்டகையில் ஒரு மெகா ஓம்

வரதய்யபாளையம் வட்டாரத்தில் நிலமுள்ள குடும்பம் எதற்கும் வீட்டைத் தவிர இன்னொரு கட்டடம் இருக்கும். மாந்தோப்பின் ஓரத்திலோ வயல் மேட்டிலோ பத்தடிக்கு எட்டடி அளவில் நிற்கும் மோட்டார் கொட்டகை. உரமூட்டை, தார்ப்பாய், மருந்தடிக்கும் தெளிப்பான், கயிற்றுக் கட்டில், மாங்காய் பறிக்கும் தொரட்டி என்று வீட்டில் இடமில்லாதவை அனைத்தும் அங்கே வந்து சேரும். அவற்றுக்கு நடுவே, ஒழுகும் கூரைக்குக் கீழே, சுவரில் அறைந்த பலகையில் மூன்று பீஸ் கட்டைகளும் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டியும் இருக்கும். வீட்டு விளக்குக்கு வருவது 240 வோல்ட். இந்தக் கொட்டகைக்கு வருவதோ மும்முனை மின்சாரம், 415 வோல்ட். ஒரு குடும்பம் கையாளும் மின்சாரத்தில் மிகக் கடுமையானது அதன் மிக நலிந்த கட்டடத்துக்குள், சேற்றுக் காலோடும் ஈரக் கையோடும் கையாளப்படுகிறது.

இந்தியாவில் அண்மை ஆண்டுகளில் மின்சாரம் தாக்கி இறப்போர் ஆண்டுக்கு 12,000 பேருக்கும் மேல் என்பது தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. அவ்வெண்ணிக்கை செய்தியாவதில்லை. ஒரு கொட்டகையில் ஒருவர் என்ற அளவில் நிகழும் சாவு உள்ளூர்ப் பக்கத்தின் நான்கு வரிகளோடு முடிந்துவிடுகிறது.

சட்டத்தில் குறையிருப்பதாகச் சொல்ல முடியாது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் இவ்விஷயத்தில் வியக்கத்தக்க அளவு நுட்பமானவை. உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே வேலையை எடுக்க வேண்டும். தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரின் நேரடிக் கண்காணிப்பில், பெர்மிட் வைத்திருக்கும் வயர்மேன் அதைச் செய்ய வேண்டும். 500 வோல்ட் நேர்மின்னழுத்தத்தை ஒரு நிமிடம் செலுத்தி, ஒவ்வொரு மின்கம்பிக்கும் நிலத்துக்கும் இடையிலான மின்காப்புத் தடையை அளக்க வேண்டும். அது ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. மும்முனை மோட்டாரின் உலோக உடலை ஒன்றல்ல, இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகளால் நிலத்தோடு சேர்க்க வேண்டும். மின்சாரம் வழங்குபவர் தம்முடைய எர்த்துகளை ஈராண்டுக்கு ஒருமுறையேனும் சோதிக்க வேண்டும். அதுவும் வறண்ட பருவத்தில், மழையில்லாத நாளில். இணைப்புப் பெற்ற நிறுவல்களை ஐந்தாண்டுக்கு மேற்படாத இடைவெளியில் மறுபடி பார்வையிட வேண்டும். 2010இல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த ஒழுங்குமுறைகள் இவற்றில் பெரும்பாலானவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டு, மின்கசிவு ஏற்பட்டவுடன் துண்டிக்கும் கருவியையும் வலியுறுத்தின. 2023இல் அவை மீண்டும் புதுப்பிக்கப்பட்டன.

இத்தனையும் கொட்டகையின் வாசலுக்கு வந்து சேரும்போது ஒரே ஒரு தாளாகச் சுருங்கிவிடுகின்றன. அதற்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் 'டெஸ்ட் ரிப்போர்ட்'.

வரதய்யபாளையத்தில் அத்தாளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோதும், 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கும் சத்தியவேட்டுப் பகுதி ஊர்கள் ஆந்திரத்துக்கும் கைமாறியபோதும் எல்லைக்கோடு நகர்ந்தது, பேச்சு நகரவில்லை. சித்தூர் மாவட்டமாக இருந்து, 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்த இம்மண்டலத்தில், வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. தமிழை மட்டும் எழுதப் படிக்கக் கற்ற முதியவர்களும் உள்ளனர். அவர்கள் கையொப்பமிடும் படிவமோ தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. தம் நிலத்தில் சாவைத் தடுக்கக்கூடிய ஒரே தாளை, அந்நிலத்துக்காரரால் வாசிக்க இயலாது. (எல்லைப் பிரிவினையின் இழப்புகளைப் பட்டியலிடும் நூல்களில் இதற்கு இடமில்லை.)

அப்படிப்பட்ட ஒருவர், அறுபதைக் கடந்த மாந்தோப்புக்காரர், மூன்று குதிரைத்திறன் மோட்டாரை ஐந்தாக உயர்த்த முடிவு செய்தார். வடகிழக்குப் பருவமழைக் காற்றில் பழைய கூரை போயிருந்ததால் கொட்டகையையும் செங்கல் வைத்துக் கட்டினார். புதுச் சுவரில் புது வயரிங். சுமையை உயர்த்தக் கேட்கும் விண்ணப்பத்தோடு டெஸ்ட் ரிப்போர்ட் இணைக்கப்பட வேண்டும். வேலைக்கு வந்த வயர்மேன் சத்தியவேட்டுப் பக்கத்தவர். நாற்பது வயதுக்காரர், உறவுமுறையும் உண்டு. ஒப்பந்தக்காரர் முன்னமே கையொப்பமிட்டுக் கொடுத்திருந்த படிவப் புத்தகம் அவர் பையில் இருந்தது. மின்காப்புத் தடைக்குரிய கட்டத்தில் எல்லாத் தாள்களிலும் ஒரே எண்ணை எழுதுவது வழக்கம். தொகையை வாங்கிக்கொண்டு தாளைக் கிழித்துக் கொடுப்பதோடு வேலை முடிந்திருக்கும்.

முடியாமல் போனதற்குக் காரணம் தோப்புக்காரரின் மனைவி. கொட்டகைக்கு வெளியே உள்ள தொட்டியில் பாத்திரம் கழுவும்போதும் மாட்டுக்குத் தண்ணீர் மொள்ளும்போதும் இரும்புக் குழாய் 'ஜிவ்'வென்று இழுக்கிறது என்று ஈராண்டுகளாக அவர் சொல்லி வந்தார். ஈரக் கைக்கு அப்படித்தான் தோன்றும் என்று வீட்டு ஆண்கள் சொல்லி வந்தனர். மகன் ஒருமுறை செருப்புக் காலோடு நின்று குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றான்.

தாள் தயாராக இருக்கிறது என்று கேட்டதும் அவர் சொன்னது இதுதான்: "கையெழுத்துப் போட்டவரை இங்க வரச் சொல்லு. செருப்பைக் கழட்டிட்டு அந்தக் குழாயைத் தொட்டுப் பாக்கட்டும். அப்புறம் தாளைக் குடு."

வயர்மேன் சிரித்தார், ஆனால் மறுத்துப் பேசவில்லை. பெர்மிட் தேர்வுக்குப் படித்தவை அவருக்கு மறந்துவிடவில்லை. அவற்றைச் செய்யச் சொல்லி யாரும் கேட்டதில்லை, அவ்வளவே. மறுவாரம், மே மாத வெயிலில், ஒப்பந்தக்காரரிடமிருந்து மெக்கரையும் எர்த் டெஸ்டரையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

மெக்கர் எளிய கருவி. அதன் ஒரு வயரை மின்கம்பியிலும் மற்றொன்றை எர்த்திலும் பொருத்திக் கைப்பிடியைச் சுற்றினால், அது உண்டாக்கும் 500 வோல்ட் காப்புறைக்குள் எவ்வளவு கசிகிறது என்பதை முள் காட்டிவிடும். பீஸ் கட்டைகளை உருவி வைத்து, சுவர் வயரிங்கை முதலில் அளந்தார். முள் முடிவிலிக் குறியருகே நின்றது. அடுத்து மோட்டாருக்குப் போகும் கேபிள். எர்த் கம்பியோடு சேர்த்து அளந்தபோது அதுவும் ஒரு மெகா ஓமைத் தாராளமாகத் தாண்டியது. விதிப்படி தேர்ச்சி. தாளில் எழுதிவிடலாம்.

"எர்த்துல வெக்காத. இழுக்கிறது குழாய்தான? குழாய்ல வை" என்றார் அந்த அம்மாள்.

குழாயில் வைத்ததும் முள் சரிந்து 0.1 மெகா ஓமில் நின்றது.

இவ்விடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியுள்ளது. ஒரே கேபிள் இரண்டு எண்களைக் காட்டக் காரணம், அந்த இரும்புக் குழாய் எர்த்தோடு சேர்ந்திருக்கவே இல்லை என்பது. முன்பு ஆழ்துளைக் கிணறுகளில் இறங்கிய குழாயும் இரும்பே. நிலத்தடி நீருக்குள் பல அடி மூழ்கிக் கிடந்த அது, யாரும் திட்டமிடாமலே ஒரு நல்ல எர்த்தாகவும் வேலை செய்தது. பிறகு பிளாஸ்டிக் குழாய்கள் வந்தன. 2004இல் ஆந்திரம் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் அறிவித்தபின், அதனுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற மோட்டார், கெப்பாசிட்டர், உராய்வு குறைந்த ஃபுட் வால்வு, எச்.டி.பி.இ. அல்லது ஆர்.பி.வி.சி. குழாய் ஆகியவற்றையும் நிபந்தனைகளாக வைத்தது. மின்சாரத்தைச் சேமிக்க இவை சரியான நிபந்தனைகளே. உராய்வு குறைந்தால் அதே நீருக்குக் குறைந்த மின்சாரம் போதும். ஆனால் இரும்பு போன இடத்தில் அந்தத் தற்செயல் எர்த்தும் போய்விட்டது. தரைக்கு மேலே, கிணற்று வாயின் இரும்புக் கிளாம்பும் அதிலிருந்து தொட்டிக்குச் செல்லும் இரும்புக் குழாயும் மட்டும் நிலத்தோடு தொடர்பற்று அந்தரத்தில் மிஞ்சின. குழாயையும் எர்த்தையும் ஒரு கம்பியால் இணைத்திருந்தால் போதும். இந்தத் தோப்பில் அப்படி ஒரு கம்பி முன்னர் இருந்திருக்கிறது. அதன் பிடிப்பு துருவேறி உதிர்ந்து கிடந்தது.

0.1 மெகா ஓம் வழியாக 240 வோல்ட் தள்ளக்கூடிய மின்னோட்டம் ஏறத்தாழ 2.4 மில்லி ஆம்பியர். வெறுங்காலோடு ஈரத்தில் நிற்பவர் துல்லியமாக உணரக்கூடிய, ஆனால் உதறிவிட்டு விலகக்கூடிய அளவு. ஈராண்டுகளாக அந்த அம்மாள் சொன்னதும் இதையே. மெக்கருக்கு முன்னால் அந்தக் கொட்டகையைச் சோதித்த கருவி அவருடைய கைதான். அளவு இதோடு நிற்கும் என்பதற்கும் உறுதியில்லை. மே மாத வெயிலில் காய்ந்த காப்புறை 0.1 காட்டினால், நவம்பர் மழையில் ஊறியபின் அது எங்கே இறங்கும் என்று யார் சொல்ல முடியும்? வறண்ட நாளில் சோதி என்ற விதி எர்த்துக்குப் பொருத்தமானது. அன்றுதான் மண்ணின் தடை உச்சத்தில் இருக்கும். காப்புறைக்கோ அதே வறண்ட நாள் பொய்யான ஆறுதலைத் தருகிறது.

கசிவு எங்கே என்று தேடியபோது, கிணற்று வாயில் கேபிள் கிளாம்பின் விளிம்போடு உரசும் இடம் கண்ணில் பட்டது. அதைச் சரிசெய்ய முக்காலி நட்டு, மோட்டாரின் முழுப் பாரத்தையும் தூக்கி நிறுத்த வேண்டும். ஆள் கூலி ஒருபுறம். இரண்டு நாள் தண்ணீர் நிற்கும் என்பது இன்னொருபுறம். அரை ஏக்கர் கத்தரி அந்த வெயிலில் தாங்காது.

"ஓடிட்டுத்தான இருக்கு மாப்பிள்ளை. ஓடுற மோட்டாரை எதுக்குத் தூக்கணும்?" என்றார் தோப்புக்காரர்.

"ஓடாம நின்னா நீங்களே தூக்குவீங்க மாமா. ஓடுறதாலதான் நான் சொல்ல வேண்டியிருக்கு" என்றார் வயர்மேன்.

இந்த உரையாடலை அற்பமானதாகக் கருத இயலாது. பழுதுகளில் ஒருவகை வேலையை நிறுத்துகிறது; இன்னொரு வகை வேலை நடக்கும்போதே கொல்கிறது. முதல் வகைக்குச் செலவழிக்க எந்த விவசாயியும் தயங்குவதில்லை. இரண்டாம் வகைக்குச் செலவழிக்கச் சொல்ல ஒருவர் நேரில் வந்து எண்ணைக் காட்ட வேண்டும். முக்காலி நடப்பட்டது. உரசிய இடத்தில் காப்புறை தேய்ந்து, செம்பு தெரியும் நிலையில் இருந்தது. கத்தரியில் கொஞ்சம் வாடியது.

அடுத்தது எர்த். பழைய எர்த் என்பது கொட்டகைச் சுவரை ஒட்டி அடித்த ஒரு கம்பி. எர்த் டெஸ்டர் அதற்கு 60 ஓம் காட்டியது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும். மோட்டார் உடலில் ஒரு பேஸ் முழுதாகத் தொட்டுவிட்டது என்றும், டிரான்ஸ்பார்மரின் எர்த் 5 ஓம் என்றும் கொள்வோம். 240ஐ 65ஆல் வகுத்தால் மின்னோட்டம் 3.7 ஆம்பியர். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் சாதாரணமாக இழுப்பதே ஏழெட்டு ஆம்பியர். எனவே 15 ஆம்பியர் பீஸ் கம்பி போகாது, மோட்டார் ஓடும், அதன் உடலிலோ 220 வோல்ட்டுக்குமேல் நின்றுகொண்டிருக்கும். எர்த் இருக்கிறது, ஆனால் யாரையும் காப்பாற்றவில்லை. எர்த் போட்டாயிற்று என்ற வாக்கியமும் எர்த் எத்தனை ஓம் என்ற கேள்வியும் இவ்வளவு தொலைவில் உள்ளன.

வயர்மேன் இரண்டு குழிகள் வெட்டச் சொன்னார். கொட்டகைச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு அப்பால், ஒன்றுக்கொன்று ஐந்து மீட்டர் இடைவெளியில், இரண்டரை மீட்டர் நீளமும் 40 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட துத்தநாகம் பூசிய குழாய்கள். சுற்றிலும் கரியும் உப்பும் மாறி மாறி அடுக்கு. மேலே தண்ணீர் ஊற்றப் புனல். ஐ.எஸ். 3043 என்னும் இந்தியத் தர விதித்தொகுப்பில் உள்ள முறை ஏறத்தாழ இதுவே. இரண்டையும் சேர்த்து அளந்தபோது 5 ஓம் வந்தது. இப்போது அதே பழுது நேர்ந்தால் 24 ஆம்பியர் ஓடும். பீஸ் கம்பி உருகக்கூடும். உருக எத்தனை நொடி ஆகும் என்பதில்தான் ஓர் உயிர் இருக்கிறது. ஆகவே கசிவைக் கண்டதும் அறுக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் பொருத்தப்பட்டது. அதற்கு 24 ஆம்பியர் தேவையில்லை, 0.1 ஆம்பியர் கசிந்தாலே போதும், நொடியின் ஒரு சிறு பகுதியில் துண்டித்துவிடும்.

அக்கருவியை நிறையக் கொட்டகைகளில் வாங்கிப் பொருத்தியபின் ஒரு துண்டு வயரால் தாண்டி இணைத்துவிடுகிறார்கள். அடிக்கடி விழுகிறது என்பது குற்றச்சாட்டு. விழுவதற்கென்றே அது வைக்கப்பட்டிருக்கிறது. கேபிள் கசிகிறது என்பதைச் சொல்ல அதற்கு வேறு மொழி கிடையாது. ஆயினும் விவசாயிகளை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. பகலில் ஒன்பது மணி நேரம் வரும் மின்சாரத்தில் பாதி நேரம் கருவி விழுந்து கிடந்தால் பயிர் காய்கிறது. கசிவைத் தேடித் தர ஒரு மெக்கரும் அதைச் சுற்றத் தெரிந்த ஒருவரும் எட்டும் தூரத்தில் இருந்தால்தான் அந்தக் கருவியோடு வாழ முடியும்.

எட்டும் தூரத்தில் ஏன் ஒருவரும் இல்லை என்ற கேள்விக்கு வரலாற்றில் ஒரு பதில் கிடைக்கிறது. 1969இல் ஊரக மின்மயமாக்கல் கழகம் தொடங்கப்பட்டபின் பம்ப்செட் இணைப்புகள் நாடெங்கும் பெருகின. அப்போது கொட்டகைக்குள் மீட்டர் இருந்தது; அதைப் படிக்க ஓர் ஆள் வந்து போனார். 1980களில் ஆந்திரத்தில் மோட்டாரின் குதிரைத்திறனை வைத்துக் கட்டணம் கணக்கிடும் முறை வந்ததும் மீட்டருக்கு வேலையில்லாமல் போயிற்று. 1984இல் தமிழ்நாடு சிறு விவசாயிகளுக்கும், 2004இல் ஆந்திரம் பெரும்பாலான விவசாயிகளுக்கும் கட்டணத்தையே எடுத்துவிட்டன. சிறு நிலத்துக்காரருக்கு அது பெரிய ஆறுதல்; அதை மறுப்பவர் மே மாதத்தில் ஒரு தோப்புக்கு வந்து பார்க்கலாம். ஆனால் பணம் வசூலிக்க வேண்டியிராத இடத்துக்கு யாரும் வருவதுமில்லை. மீட்டர் படிக்க வந்தவர் ஆய்வாளர் அல்லர். எனினும் கொட்டகைக் கதவைத் திறந்து பார்த்த ஒரே வெளியாள் அவரே. தொங்கும் கம்பியையும் எரிந்த பலகையையும் காண்பதற்கு அந்த ஒரு ஜோடிக் கண்ணாவது இருந்தது. 2020இல் ஆந்திர அரசு மானியத்தைப் பணமாகக் கொடுத்துவிட்டு மீட்டர் வைக்கும் திட்டத்தை ஸ்ரீகாகுளத்தில் சோதனையாகத் தொடங்கியபோது எழுந்த வாதங்களில் பெரும்பகுதி, கட்டணம் மறுபடி வருமா என்பதைப் பற்றியே இருந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பார்வையிடல் என்ற பழைய விதி என்ன ஆயிற்று என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் எழவில்லை.

இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டத்து மரக்கொட்டகைக்கு மின்சாரம் இழுப்பவர்களுக்கும் ஒரு சான்று தேவைப்படுகிறது. 2005 ஜனவரி முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், கட்டட விதிகளின் 'பி' பகுதி வீட்டு மின்வேலைகளைக் கட்டுப்படுத்துகிறது. வீட்டுக்காரர் தாமே வேலையைச் செய்யத் தடையில்லை. ஆனால் புதிய மின்சுற்று என்றால் உள்ளாட்சியின் கட்டடப் பிரிவுக்குச் சொல்லியாக வேண்டும், அல்லது பதிவுபெற்ற மின்பணியாளர் தம் வேலைக்குத் தாமே சான்றளிக்க வேண்டும். அந்தச் சான்றில் ஒவ்வொரு சுற்றின் காப்புத் தடை, எர்த் பாதையின் தடை, துண்டிப்புக் கருவி விழ எடுத்த நேரம் ஆகியவற்றைத் தனித்தனியே எண்களாக எழுத வேண்டும். நம்முடைய படிவத்திலும் அக்கட்டங்களில் சில உள்ளன. வேறுபாடு, நிரப்புவதற்கு முன் அளக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் உண்டா என்பதில் இருக்கிறது. அவ்வளவு தொலைவுகூடப் போக வேண்டாம். இதே மண்டலத்தை ஒட்டிய ஸ்ரீசிட்டியின் தொழிற்சாலைகளுக்கு உயரழுத்த இணைப்பு. அங்கே மின் ஆய்வாளரின் ஒப்புதலின்றி மின்சாரம் ஏறாது. சில கிலோமீட்டர் தள்ளிய கொட்டகைக்கு முன்கூட்டியே கையொப்பமிட்ட ஒரு தாள் போதும். இரண்டு இடத்திலும் வேலை செய்வது பெரும்பாலும் ஒரே குடும்பத்து ஆட்கள்.

கேபிளைச் சீராக்கி, குழாயையும் கிளாம்பையும் எர்த்தோடு பிணைத்தபின், மெக்கர் மறுபடி குழாயில் வைக்கப்பட்டது. முள் 20 மெகா ஓமைத் தாண்டியது. ஒப்பந்தக்காரர் அன்று நேரில் வந்திருந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் தாம் ஒரு கொட்டகைக்குள் நிற்பதாக அவரே சொன்னார். பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்றில், அளந்த எண்களை வயர்மேன் சொல்லச் சொல்ல எழுதினார். ஒவ்வொரு கட்டமும் என்ன என்று தோப்புக்காரர் கேட்க, வயர்மேன் தமிழில் விளக்கினார். அந்த அம்மாள் தாளைப் பார்க்கவில்லை. தொட்டியோரம் செருப்பைக் கழற்றிவிட்டு, மோட்டாரைப் போடச் சொல்லி, குழாயைப் பிடித்தபடி சற்று நேரம் நின்றார். பின்னர் ஒப்பந்தக்காரரைப் பார்த்து, நீங்களும் பிடியுங்கள் என்றார். அவர் பிடித்தார்.

கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீரை எர்த் குழிகளில் ஊற்ற வேண்டும் என்று வயர்மேன் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மே மாதம் எர்த் டெஸ்டரோடு வருவதாகவும் சொன்னார். அதற்கான கூலி எவ்வளவு என்று இன்னும் பேசி முடிக்கவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர்கள் இருவர் தங்கள் குழாயையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய கொட்டகையில் எர்த் கம்பி என்று ஒன்று இல்லவே இல்லை. அவரிடம் டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கிறது.